வடக்கு ஜன்னலுக்கு மூன்று செடிகள்

ஜூன் 3, திங்கள்

எழுந்தது ஆறு பத்து. சாப்பிட்டது மூன்று இட்லி. செய்த வேலை: ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன்.

தினமும் மூன்று வரி எழுதினால் போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எழுந்த நேரம், சாப்பாடு, ஒரு வேலை. எழுதியாயிற்று.

ஜூன் 5, புதன்

ஐந்து ஐம்பது. உப்புமா. துணி துவைத்தேன்.

கடையில் பதினொரு ஜோடி லென்ஸ் வெட்டினேன். ஒன்றுகூட உடையவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் மெஷினோடு உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. யாரும் முகத்தைப் பார்த்துப் பேச வரமாட்டார்கள்.

ஜூன் 8, சனி

இன்று மூன்று வரி போதாது.

குடும்ப நீதிமன்றத்தின் மாடியில் குழந்தைகளுக்கென்று ஓர் அறை இருக்கிறது. சனிக்கிழமைகளில் பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை நான் என் மகளை அங்கே பார்க்கலாம். வாசலில் ஒரு நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் சறுக்குமரம், கால் உடைந்த ஒரு யானைப் பொம்மை. தர்ஷிகாவுக்கு எட்டு வயது. சறுக்குமரத்தில் ஏறினால் கால் தரையைத் தொட்டுவிடுகிறது. அதனால் நாங்கள் பாயில் உட்கார்ந்து பேசுவோம்.

"உன் ரூம்ல என்னம்மா இருக்கு?" என்று கேட்டாள்.

"கட்டில் இருக்கு. அடுப்பு இருக்கு. ஒரு ஜன்னல் இருக்கு."

"ஜன்னல்ல என்ன தெரியும்?"

"பக்கத்து வீட்டுச் செவுரு."

சிரித்தாள். பிறகு, "செடி இல்லியா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள், "பரவால்ல, வேண்டாம் வேண்டாம்" என்று அவளே அவசரமாக முடித்துவிட்டாள்.

வளர்ந்துவிட்டாள். இடது முழங்கையில் அந்தத் தையல் கோடு வெளுத்திருக்கிறது. முழுக்கை சட்டையை மடித்துவிட்டபோது பார்த்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

என் வக்கீல் நஸ்ரின் மேடத்தைப் பார்த்தேன். வார இறுதியில் ஒரு நாளாவது தர்ஷு என்னோடு வந்து தங்க அனுமதி கேட்டு மனுப் போட்டிருக்கிறோம். ஜெயபிரகாஷ் பதில் மனு போட்டிருக்கிறார். அவரும் நானும் பிரிந்து ஒன்றரை வருடமாகிறது. தர்ஷு அவரிடம் இருக்கிறாள்.

ஒன்பதாம் பத்தி: மனுதாரர் வசிப்பது பத்துக்குப் பதினொன்று அளவுள்ள ஒற்றை அறை. பன்னிரண்டாம் பத்தி: தாம் ஆசையாக வளர்த்த இருபத்தாறு தொட்டிச் செடிகளையே காயவிட்டவர், ஒரு குழந்தையை எப்படிப் பராமரிப்பார்? பதின்மூன்றாம் பத்தியை நான் படிக்கவில்லை. அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"ரூம் சின்னதா இருக்கறது பிரச்சனை இல்ல சுகந்தி," என்றார் நஸ்ரின் மேடம். "கோர்ட்லேர்ந்து ஒரு ஆலோசகர் வந்து பாப்பாங்க. ஆகஸ்ட்ல. ஒரு புள்ள இங்க சந்தோஷமா ரெண்டு நாள் இருக்கும்னு அவங்களுக்குத் தோணணும். அவ்வளவுதான்."

ஜூன் 12, புதன்

ஐந்து நாற்பது. தோசை. வேலை: முடிவெடுத்தேன். செடி வாங்கப் போகிறேன். இந்த முறை ஒன்றும் சாகாது.

ஜூன் 16, ஞாயிறு

காந்திபுரம் பஸ் ஸ்டாண்ட் அருகே தள்ளுவண்டியில் சக்குலன்ட் விற்றார்கள். வெள்ளைப் பீங்கான் தொட்டி, உள்ளங்கை அளவு. தடித்த இலைகள், பூப்போல அடுக்கடுக்காக. மூன்று வாங்கினேன். ஜன்னல் மேடையில் வரிசையாக வைத்தேன். அறையே வேறாகிவிட்டது.

ஜூன் 17, 18, 19

தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் ஊற்றினேன்.

ஜூன் 27, வியாழன்

நடுவிலிருந்த செடியின் அடி இலைகள் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிந்தன. தொட்டேன். கையோடு வந்துவிட்டது. மற்ற இரண்டும் அப்படித்தான். ஒரு நாள்கூட விடாமல் ஊற்றினேனே.

தரையில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு எழுந்து செடிகளைக் குப்பையில் போட்டு, தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தேன். எழுந்தேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஜூன் 30, ஞாயிறு

தடாகம் ரோட்டில் இருக்கும் நர்சரிக்குப் போனேன். நடத்துபவள் பெயர் சரஸா. முப்பது வயது இருக்கும். ஒரு கையில் போன், இன்னொரு கையில் தண்ணீர்க் குழாய்.

"என்ன வேணுமுங்க்கா?"

"சாகாத செடி."

போனைக் காதிலிருந்து எடுத்தாள். "வர்றவங்க எல்லாருமே அதைத்தானுங்க கேக்கறாங்க. செடியை அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல ரூமைச் சொல்லுங்க. ஜன்னல் எந்தப் பக்கம்?"

"வடக்கு. நாலடி தள்ளி செவுரு."

"வெயிலே வராதா?"

"வராது. ஆனா பகல்ல லைட் போடாம பேப்பர் படிக்கலாம்."

"அது போதுமுங்க. படிக்க முடிஞ்சா செடி பொழைச்சுக்கும். ஆனா வெயில் கேக்கற செடிய வாங்கக் கூடாது. எடம் எவ்வளவு?"

"ஒரு முழம் மேடை. ஒரு ஸ்டூல் போடலாம். அவ்வளவுதான்."

சக்குலன்ட் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அது பாலைவனத்துச் செடியுங்க. இருட்டுல வெச்சு, தெனமும் தண்ணியும் ஊத்துனா எப்படித் தாங்கும்? என் அனுபவத்துல தண்ணி இல்லாம செத்த செடியவிட, ஊத்திச் செத்த செடிதான் ஜாஸ்தி. விரலை மண்ணுக்குள்ள விடுங்க. ரெண்டு கணு ஆழத்துக்குக் காஞ்சிருந்தா ஊத்துங்க. இல்லீன்னா கைய எடுத்துட்டுப் போயிருங்க."

அப்போது கேட்டேன். அதைக் கேட்கத்தான் போயிருந்தேன். "ரெண்டு வாரம் யாருமே தண்ணி ஊத்தலீன்னா?"

"ஊருக்குப் போவீங்களா?"

ஆமாம் என்றேன். ஊருக்குத்தான்.

அவள் தேடித்தேடி எடுத்து வைத்தாள். ஸ்நேக் பிளான்ட், ஆனால் ஆளுயரம் வளர்வது அல்ல. குருவிக்கூடுபோலக் குட்டையாகச் சுருண்டிருப்பது. இசட் இசட் பிளான்ட், மெழுகு பூசியதுபோன்ற இலை. மண்ணுக்குள் உருளைக்கிழங்குபோல ஒரு கிழங்கை வைத்துக்கொண்டு, அதில் தண்ணீரைச் சேர்த்துவைத்துக்கொள்ளுமாம். அப்புறம் ஒரு கொடி மணி பிளான்ட். "இதுக்கு மண்ணே வேண்டாம். பாட்டில் தண்ணில போட்டு வெச்சிருங்க." மூன்றையும் கடித்தால் நாக்கு அரிக்கும், சின்னக் குழந்தை இருந்தால் உயரத்தில் வைக்க வேண்டும் என்றாள். எட்டு வயது என்றேன். "அப்பச் சொன்னாப் புரியும்."

நானாக ஒன்று எடுத்தேன். பீஸ் லில்லி. வெள்ளையாக ஒரே ஒரு பூ.

"அது வேண்டாமுங்க்கா. ஒரு வாரம் தண்ணி விடலீன்னா அப்படியே படுத்துக்கும். ஊத்துனா ரெண்டு மணி நேரத்துல எந்திரிச்சு நின்னுக்கும். ஆனா படுத்துருக்கறதப் பாத்தா பயமா இருக்கும்."

எந்திரிச்சு நின்னுக்கும் என்ற சொல்லுக்காகவே அதையும் வாங்கினேன்.

ஜூலை 3, புதன்

கீழ்த்தளத்தில் சைக்கிள் கடை. முதல் மாடியில் வீட்டுக்காரர் தங்கமணி அக்கா. இரண்டாவது மாடியில் நான். அக்கா மேலே வந்து செடிகளைப் பார்த்தார்.

"அம்மணி, தண்ணி சொட்டுச்சுன்னா சைக்கிள் கடைக்காரன் உன்னையக் கேக்க மாட்டான். என்னையத்தான் கேப்பான்."

ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் தட்டு வைத்திருப்பதைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். கீழே இறங்கிப் போய்விட்டார்.

ஜூலை 6, சனி

தர்ஷுவிடம் இன்னும் சொல்லவில்லை. ஒரு மாதம் தாங்கட்டும், பிறகு சொல்லலாம். "வேண்டாம் வேண்டாம்" என்று அன்றைக்கு ஏன் சொன்னாள்?

ஜூலை 9, செவ்வாய்

ஆறு மணி. தோசை. மூன்று தொட்டியிலும் விரல் வைத்துப் பார்த்தேன். லில்லிக்கு மட்டும் ஊற்றினேன். மற்றவற்றுக்கு ஊற்றாமல் கையை எடுத்துக்கொள்வது கஷ்டமாக இருக்கிறது.

ஜூலை 11, வியாழன்

ஏழு நாற்பது. ஒரு பன்.

ஜூலை 12

ஒன்பது. கடைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன்.

ஜூலை 13, சனி

போனேன். மூன்று மணி நேரமும் சிரித்தேன். தாடை வலிக்கிறது.

ஜூலை 15

எழுந்தேன்.

ஜூலை 17

ஜூலை 20, சனி

பத்து மணிக்குப் போக வேண்டியவள் பதினொன்று நாற்பதுக்குப் போனேன். தலை வாரவில்லை. தர்ஷு பாயில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிவரவில்லை. எழுந்து நின்று என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். ஏதோ எண்ணிச் சரிபார்ப்பதுபோல. பிறகு என் புடவை மடிப்பைச் சரிசெய்துவிட்டாள்.

எட்டு வயதுக்காரி அப்படிப் பார்க்கக் கூடாது.

ஜூலை 21, ஞாயிறு

தங்கமணி அக்கா கதவைத் தட்டினார். திறக்கவில்லை. மறுபடியும் தட்டினார். "அம்மணி, பைப்புத் தண்ணி ரெண்டு நாளாக் கேக்கல. நீ குளிக்கல, பாத்திரம் கழுவல. கதவைத் தொற. இல்லீன்னா சைக்கிள் கடைக்காரனைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாளை ஒடைப்பேன்."

திறந்தேன்.

உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். எதையும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். எனக்கு இப்படி வரும், உடம்பில் ஒரு குறையும் இருக்காது, ஆனால் எழ முடியாது என்று. மாத்திரை சாப்பிடுவதாகச் சொன்னேன். ஜூன் கடைசியில், நன்றாகத்தானே இருக்கிறேன் என்று பாதியாகக் குறைத்துக்கொண்டதையும் சொன்னேன். அதை இந்த நோட்டில்கூட நான் எழுதவில்லை.

"டாக்டர் குறைக்கச் சொன்னாரா?"

"இல்லீங்க்கா."

"அப்ப நீ என்ன பெரிய டாக்டரா?" என்றார். அதற்குப் பிறகு ரசம் சாதம் கொண்டுவந்தார்.

ஜூலை 23, செவ்வாய்

அக்காவும் கூட வந்தார். டாக்டர் திட்டவில்லை. பழைய அளவுக்கே மாத்திரையை ஏற்றினார். "திரும்ப வர்றது தோல்வியில்ல. வந்தா என்ன பண்ணுவோம்னு முன்னாடியே முடிவு பண்ணி வெச்சுக்கணும்" என்றார். வீட்டுக்கு வந்ததும் மாற்றுச் சாவியை அக்காவிடம் கொடுத்தேன். காலை ஏழு மணிக்குள் நான் கீழே வந்து பால் வாங்கவில்லை என்றால், அவர் மேலே வருவார். இது எங்கள் ஏற்பாடு.

ஜூலை 26, வெள்ளி

ஆறு இருபது. இரண்டு தோசை.

இன்றுதான் ஜன்னல் பக்கம் போனேன். பதினேழு நாள். இசட் இசட் அப்படியே இருந்தது. புதிதாக ஒரு குருத்துகூட விட்டிருந்தது. ஸ்நேக் பிளான்ட்டுக்கு நான் இல்லாததே தெரிந்திருக்காது. மணி பிளான்ட்டின் பாட்டிலில் பாதித் தண்ணீர் குறைந்திருந்தது, அவ்வளவுதான். பீஸ் லில்லி மட்டும் தொட்டியின் விளிம்பைத் தாண்டித் தலைகீழாகச் சரிந்து கிடந்தது.

தண்ணீர் ஊற்றினேன். ரொம்ப நாள் விட்டுவிட்டதால் இரண்டு மணி நேரத்தில் எழவில்லை. சாயங்காலம்தான் எழுந்தது, இரண்டு இலைகள் கருகிப்போய். அதுவரை என்னால் வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

ஜூலை 27, சனி

பத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே போய்விட்டேன்.

"போன வாரம் அம்மாவுக்கு உடம்பு சரியில்ல கண்ணு."

"அந்த மாதிரியா?"

பொய் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. "அந்த மாதிரிதான். ஆனா டாக்டர்கிட்டப் போயிட்டேன். மாத்திரை சாப்பிடறேன். கீழ் வீட்டு அக்காகிட்டச் சாவி இருக்கு."

"அவங்க டெய்லி வந்து பாப்பாங்களா?"

"நான் ஏழு மணிக்குக் கீழ வரலீன்னா வருவாங்க."

"ஏழு மணி கரெக்ட்தான்," என்றாள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

நஸ்ரின் மேடம் போனில் பேசினார். ஆலோசகர் பெயர் எஸ்தர். இருபத்தொன்றாம் தேதி வருகிறார். ஜூலையில் நடந்ததை நஸ்ரின் மேடத்திடம் சொன்னேன்.

"சுகந்தி, அவங்களாக் கேட்டாப் பொய் சொல்லாதீங்க. ஆனா நீங்களா எடுத்துச் சொல்லாதீங்க. புரியுதா?"

புரிகிறது.

ஆகஸ்ட் 10, சனி

இன்று செடிகளின் படத்தை போனில் காட்டினேன். தர்ஷு ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இதுக்கு நீ தண்ணி ஊத்த மறந்துட்டா?"

"மறந்தாலும் ஒண்ணும் ஆகாது. இருபது நாள் தாங்கும்."

"இது?"

"இன்னும் ஜாஸ்தி. மண்ணுக்குள்ள ஒரு கிழங்கு வெச்சுருக்கு. அதுல தண்ணி சேத்து வெச்சுக்கும்."

"அப்போ யாருமே ஊத்த வேண்டாமா?"

"ஞாபகம் வந்தா ஊத்தலாம். வரலீன்னாலும் பரவால்ல."

போனைக் கீழே வைத்தாள். பாயின் ஓரத்து நூலைப் பிரித்துக்கொண்டே சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை.

"அந்த வீட்ல மொட்டைமாடிச் செடிக்கெல்லாம் நான்தான் ஊத்துனேன். உனக்குத் தெரியாது. ஸ்கூல்லேர்ந்து வந்து டெய்லி ஊத்துனேன். சின்ன பக்கெட்ல. செடியெல்லாம் நல்லாருந்துச்சுன்னா நீ எந்திரிச்சுருவேன்னு நெனச்சேன். ஆனா நெறைய இருந்துச்சும்மா. இருபத்தாறு. நான் இந்தப் பக்கம் ஊத்தறதுக்குள்ள அந்தப் பக்கம் காஞ்சு போச்சு."

அவளுக்கு அப்போது ஆறு வயது.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "கண்ணு, செடி காஞ்சதுக்கும் அம்மா படுத்திருந்ததுக்கும் சம்பந்தமே இல்ல. அது வியாதி. காய்ச்சல் மாதிரி. நீ எத்தனை பக்கெட் ஊத்தியிருந்தாலும் நான் எந்திரிச்சிருக்க மாட்டேன். மாத்திரைதான் எழுப்பும். நீ எழுப்ப வேண்டாம்."

"நெஜமாவா?"

"நெஜமா."

நூலை விட்டுவிட்டாள். யானைப் பொம்மையை எடுத்து அதன் உடைந்த காலுக்குத் தன் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டினாள். ஒரு மணி ஆகும்வரை வேறு ஏதேதோ பேசினோம். ஏழாம் வாய்ப்பாடு, வகுப்பில் ஒருத்திக்குப் பல் விழுந்தது. பஸ்ஸில் வரும்போதுதான் அழுதேன். கண்டக்டர் சில்லறை கேட்காமல் போய்விட்டார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பீஸ் லில்லியைத் தங்கமணி அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அழகான செடிதான். ஆனால் தரையில் படுத்து, ஒரு குழந்தையைப் பார்த்து என்னைக் காப்பாற்று என்று கேட்கிற எதுவும் என் அறையில் இருக்கக் கூடாது.

மூன்று போதும். எனக்கு எது வேண்டும் என்று இப்போதுதான் தெரிகிறது. நான் படுத்துவிட்டாலும் யாரும் ஓடிவர வேண்டியில்லாத செடி.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

சுவருக்கு வெள்ளை அடித்தேன். தர்ஷுவுக்கு மடக்குக் கட்டில் வாங்கிவந்தேன். விரித்தால் கதவு பாதிதான் திறக்கிறது. ஸ்டூலை எடுத்துவிட்டு, செடி மூன்றையும் மேடையிலேயே நெருக்கி வைத்தேன். இப்போது கதவு முழுக்கத் திறக்கிறது.

ஆகஸ்ட் 21, புதன்

எஸ்தர் மேடம் வந்தார். ஐம்பது வயதிருக்கும். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். அறையைச் சுற்றிப் பார்க்க நான்கு அடி போதும் என்பதால், நின்ற இடத்திலேயே திரும்பித் திரும்பிப் பார்த்தார். குளியலறைத் தாழ்ப்பாள், கேஸ் குழாய், மாத்திரைப் பெட்டிக்குப் பூட்டு, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். மடக்குக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார்.

செடிகளைக் காட்டி, "இதெல்லாம் எனக்காக வாங்கினீங்களா?" என்று கேட்டார்.

"மொதல்ல உங்களுக்காகத்தான் மேடம். இப்ப இல்ல."

பேனாவை மூடினார். "பதின்மூணாம் பத்தியப் பத்திச் சொல்லுங்க."

நான் சொன்னேன். இந்த நோட்டில் எழுதாததை ஒரு முன்பின் தெரியாதவரிடம் சொன்னேன். இப்போது இங்கேயும் எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன், மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். நான் உள்ளறையில் படுத்திருந்தேன். மாடிப்படியில் பக்கெட் உருளும் சத்தம் கேட்டது. பிறகு தர்ஷு, அம்மா என்று கூப்பிட்டாள். மூன்று முறை கூப்பிட்டாள். எனக்குக் கேட்டது. நன்றாகக் கேட்டது. எழ வேண்டும் என்று தெரிந்தது. கை கால் என் பேச்சைக் கேட்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போகும் சத்தமும் கேட்டது. முழங்கையில் இரண்டு கம்பி வைத்தார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு மறுநாள்தான் போனேன். கால் தவறி விழுந்துவிட்டாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். யாருக்காகத் தண்ணீர் தூக்கிக்கொண்டு ஏறினாள் என்று பத்து நாள் முன்புவரை எனக்குத் தெரியாது.

எஸ்தர் மேடம் எதையும் எழுதவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: "மறுபடியும் அப்படி வந்தா? புள்ள இங்க இருக்கும்போது?"

நஸ்ரின் மேடம் சொன்னது ஞாபகம் வந்தது.

"வராதுன்னு சொல்ல மாட்டேன் மேடம். ஜூலையில வந்துச்சு."

சொல்லிவிட்டேன். அதன் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரையை நானாகக் குறைத்தது, தாமதமாகப் போன சனிக்கிழமை, அக்கா கதவைத் தட்டியது, சாவி, காலை ஏழு மணி. இரண்டு நாள் தொடர்ந்து ஏழரைக்குமேல் எழுந்தால் டாக்டருக்குப் போன் செய்வேன் என்பது. அந்த வாரம் தர்ஷுவை வரவழைக்க மாட்டேன், அவள் அப்பாவிடம் நானே சொல்லிவிடுவேன் என்பது. இந்த நோட்டையும் காட்டினேன். ஜூலைப் பக்கங்களைப் புரட்டினார். பதினேழாம் தேதியில் ஒன்றுமில்லாத இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

போகும்போது முதல் மாடியில் தங்கமணி அக்காவிடமும் பேசினார். அக்கா என்ன சொன்னார் என்று எனக்குச் சொல்ல மறுத்துவிட்டார். "அது எனக்கும் அந்த மேடத்துக்கும்" என்றார்.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஆறு மணி. பொங்கல். நஸ்ரின் மேடத்துக்குக் கோபம். "நான் என்ன சொன்னேன், நீங்க என்ன பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டு போனை வைத்துவிட்டார். பதினான்கு ஜோடி லென்ஸ்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

உத்தரவு வந்தது. நான் கேட்டது எல்லா வாரமும். கிடைத்தது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, சனிக்கிழமை காலை பத்து முதல் ஞாயிறு மாலை ஐந்து வரை. ஆறு மாதம் கழித்து மறுபரிசீலனை. டாக்டரின் சான்றிதழ் மாதாமாதம் தர வேண்டும்.

"எல்லா வாரமும் கிடைக்காமப் போனதுக்கும் ஜூலைதான் காரணம்," என்றார் நஸ்ரின் மேடம். "இதாவது கிடைச்சதுக்கும் அதான் காரணம். ஆலோசகர் அறிக்கையில ஒரு பக்கம் முழுக்க அதைத்தான் எழுதியிருக்காங்க." பிறகு, "உங்களோட சண்டை போட முடியாது," என்று சிரித்தார்.

ஆறு மாதம். எனக்குப் பயமில்லை. மார்ச்சில் எல்லா வாரமும் கேட்பேன்.

செப்டம்பர் 14, சனி

ஜெயபிரகாஷ் தர்ஷுவைக் கொண்டுவந்து விட்டார். மாடிக்கு வரவில்லை. சைக்கிள் கடை வாசலிலேயே நின்று பையைக் கொடுத்தார். அவள் படியேறும்வரை காத்திருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஒரு விஷயம். அவ அஞ்சரைக்கே எந்திரிச்சிருவா. லீவு நாள்லகூட. எந்திரிச்சு வந்து நம்ம மூஞ்சியப் பாத்துட்டு நிப்பா. பயந்துக்காத. ரெண்டு வருஷமா அப்படித்தான். எவ்வளவு சொல்லியும் நிக்கல."

"சரிங்க," என்றேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

மேலே போனால் தர்ஷு ஜன்னலருகே நின்றிருந்தாள். இசட் இசட்டின் இலையைத் தடவினாள். ஸ்நேக் பிளான்ட்டின் நடுவில் எட்டிப் பார்த்தாள். மணி பிளான்ட்டின் வேரை பாட்டில் வழியாகப் பார்த்து, "நூடுல்ஸ்" என்றாள். மூன்று மாதமாக நான் தேடித்தேடி, இழந்து, கழித்துச் சேர்த்ததை ஒரு நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டாள்.

"அம்மா, பசிக்குது. கீழ பரோட்டா வாசம் வருது."

அவ்வளவுதான். அவற்றைப் பற்றி நாள் முழுக்க வேறு பேச்சே இல்லை. பரோட்டா சாப்பிட்டோம். சைக்கிள் கடைக்காரர் ஒரு சின்ன சைக்கிளை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். தங்கமணி அக்கா அவளுக்குத் தாயம் சொல்லிக்கொடுத்து, மூன்று ஆட்டம் தோற்றார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எழுந்தேன். முகம் கழுவி, தலை வாரி, விளக்கைப் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தரைக்குத் தர்ஷு எழுந்து உட்கார்ந்தாள். கண் பாதி மூடியிருந்தது. முதலில் என் கட்டிலைப் பார்த்தாள். காலியாக இருந்தது. சட்டென்று திரும்பினாள்.

"எந்திரிச்சுட்டியாம்மா?"

"எந்திரிச்சுட்டேன் கண்ணு. நீ படு."

என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

ஏழு மணிக்கு நான் கீழே போய்ப் பால் வாங்கினேன். வந்து சட்னி அரைத்தேன். மிக்ஸி சத்தத்துக்கும் அவள் அசையவில்லை. மாவு கரைத்து வைத்திருக்கிறேன். தோசைக்கல்லைப் போட்டால் அந்த வாசத்துக்கும் புகைக்கும் இந்தச் சின்ன அறையில் அவள் எழுந்தே ஆக வேண்டும், அதனால் இன்னும் போடவில்லை.

மணி எட்டு நாற்பது. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. இன்னும் தூங்குகிறாள்.